காதுச் செட்டியார் வீட்டு மேனா

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு சவரக் கத்தி பிடிக்க வந்தவன், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் பிழை கிடையாது. நாய்க்குச் சம்பந்தம் பேசும்போது கோயில் பார்த்தவர் இந்தப் பூமியில் எங்கள் காதுச் செட்டியார் ஒருவர்தான்.

காரைக்குடியில் என் சலூனுக்கு எதிர் வீடு அவருடையது. கொடைக்கானலில் இருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன ஸ்பானியல் நாய்க்குட்டியை வளர்த்தார். மேனா என்று பெயர். தேன் நிறம். காது இரண்டும் முழங்கால் வரை தொங்கும். அந்தக் காதைப் பற்றியே நாள் முழுக்கப் பேசியதால் அவருக்கு அந்தப் பட்டம்.

மேனா சாப்பிடும்போது காது சோற்றில் புரளும். அதனால் தன் மனைவி, ஆச்சியின் கொண்டை ஊசிகளை எடுத்து, காது முடியை உச்சந்தலையில் சேர்த்துச் செருகிவிடுவார். ஆச்சி கொண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊசி தேடுவார். சாப்பாடு முடிந்ததும் உலர்ந்த துணியால் காதின் உட்புறம் துடைப்பார். "ஈரம் தங்குனா சீழ் வச்சிரும்ப்பா" என்பார். கோடையில் வயிற்று முடியைக் கத்தரிக்க என்னைக் கூப்பிடுவார். தன் தலைமுடியை நான் வெட்டும்போது தூங்குகிறவர், மேனாவுக்கு வெட்டும்போது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மேற்பார்வை செய்வார்.

கூடவே பூர்வீகமும் சொல்வார். ஸ்பெயின் தேசத்து நாயாம்; இங்கிலாந்துக்குப் போய்ப் பெரிய ஆளானதாம். புதரில் பதுங்கிய பறவையைக் கிளப்பிவிடுமாம். சுட்டு விழுந்ததைக் கவ்வி வருமாம். "கவ்வும், ஆனா பல்லுப் படாது. எறகு கூடக் கசங்காது." எங்கள் மேனா கவ்வி வந்ததெல்லாம் என் சோப்புக் கட்டிதான். அதிலும் பல் பட்டதில்லை.

மேனாவுக்கு வயது வந்தது. எங்களுக்குத் தெரிந்து இன்னொரு ஸ்பானியல் நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டில்தான் இருந்தது. பேசி முடித்த பிறகு செட்டியார் விசாரித்தார், அந்த வீட்டார் எந்தக் கோயில் என்று. இளையாத்தங்குடி. இவரும் இளையாத்தங்குடி, உட்பிரிவும் ஒன்றே. அந்தச் செட்டியார்களுக்குள் குலம் பிரிக்க ஒன்பது கோயில். கோயிலும் பிரிவும் ஒன்றானால் பங்காளி, பெண் கொடுக்க முடியாது. சம்பந்தம் நின்றது.

"நாய்க்குமா பங்காளி பாப்பாக?" என்றார் ஆச்சி.

"நம்ம வீட்டுச் சோறு திங்குதுல்ல? அப்ப நம்ம வீட்டுப் பிள்ளைதான்."

சொல்லிவிட்டாரே தவிர, மேனாவோடு வம்சம் முடிந்துவிடுமே என்று அவருக்கே சோறு இறங்கவில்லை.

நான் பேசுகிறவன் இல்லை. யாராவது விலை கேட்டால்கூட விரலைத்தான் காட்டுவேன். அன்று என்ன கிரகமோ, அவர் தாடையில் சோப்பு போட்டுக்கொண்டே சொல்லிவிட்டேன்:

"எனக்குக் குடுத்துருங்கய்யா. ஒன்பது கோயில்ல எதுலயும் எனக்குப் பங்கு இல்லையே."

சிரிப்பார் என்று நினைத்தேன். சோப்பு முகத்தோடு எழுந்து வீட்டுக்குப் போனார். மேனாவையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்தார். சங்கிலியை என் கையில் வைத்துத் தாரை வார்த்தார்.

"இனி இவ ஒன் வீட்டுப் பிள்ளை. காது பத்திரம்ப்பா."

சம்பந்தம் நடந்தது. நான்கு குட்டிகள். குட்டிகள் பால் மறந்ததும், மேனாவைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆச்சி மன்றாடினார். நானும் சங்கிலியை நீட்டினேன். "தாரை வாத்ததைத் திருப்பி வாங்குவாகளா?" என்று செட்டியார் வெறுங்கையோடு போய்விட்டார்.

மறுநாள் காலையில் சவரத்துக்கு வந்தார். மாலையிலும் வந்தார். அதுவரை வாரத்துக்கு ஒரு முறைதான் வருவார். உட்கார்ந்ததும் மேனா அவர் பாதத்தில் தலை வைக்கும். குனிந்து காதுக்குள் விரல் விட்டு ஈரம் பார்ப்பார்.

மூன்றாம் நாள் அவர் கன்னம் சிவந்துவிட்டது. முளைக்காத முடியை எப்படி மழிப்பது? அன்றிலிருந்து வாரத்தில் ஒரு முறை மட்டும் மழித்துவிட்டு, மற்ற வேளையெல்லாம் கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் சோப்பை மட்டும் வழித்தேன். நாலு வருஷம், அவர் போகும்வரை அப்படித்தான். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கண்ணை மூடிக்கொண்டே, "கத்தி பதமா இருக்குப்பா" என்பார்.

23-8-1977, செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறை.