பதக்கத்தின் மற்றப் பக்கம்

தோர்ண்டன் ஹீத் முத்தமிழ் ஒருங்கிணைவு மன்றத்தின் நிர்வாகசபையில் பதினொரு ஆசனங்கள். மன்றம் தோன்றிய நாள் முதல் பதினொன்றிலும் ஆண்களே அமர்ந்து சமூகத்துக்காகத் தேய்ந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒன்று காலியானதும், பல்கலைக்கழகத்தில் ரோம வரலாறு படிக்கும் கௌசி நேரே போய்க் கேட்டாள்.

"தருவம், பிள்ளை," என்றார் தலைவர் பாலேந்திரா. "முதல்ல ஒரு உதவி. வெள்ளிவிழாவுக்கு வெண்கலப் பதக்கம் அடிக்கிறம். பழைய காலத்துக் கம்பீரம் வேணும்."

கௌசி போனில் ரோமாபுரிக் காசுகளைக் காட்டினாள். முன்பக்கம் பேரரசரின் முகம். பின்பக்கம் ஒரு பெண்: கையில் தராசு என்றால் நீதி, பாவாடை நுனியைத் தூக்கிப் பூவோடு நடந்தால் நம்பிக்கை.

தலைவர் உருகிப்போனார். "இதுதான்! முன்னுக்கு நான். பின்னுக்கு ஒற்றுமை."

"அங்கிள், அதெல்லாம் வெறும் விளம்பரம். ஒரு பேரரசருக்கும் தம்பிக்கும் 'ஒற்றுமை' எண்டு காசு அடிச்சவை. பிறகு அவரே தம்பியைக் கொல்லுவிச்சவர்."

"காசு அடிச்சாப் பிறகுதானே கொலை?"

"ஓம்."

"அப்ப பிரச்சினை இல்லை. விழா முடிஞ்சிடும்."

செயலாளர் ரதீசன் குறுக்கிட்டார். "அந்தத் தம்பியின்ர முகமும் காசில இருந்ததோ?"

"இருந்தது."

"அப்ப என்ரையும் வேணும், அண்ணை."

எந்த முகம் வலப்பக்கம் என்பதை ஆராய உபகுழு அமைக்கப்பட்டது. உபகுழுவினர் ஆளையாள் பேசாமற் போனதால், அதை ஆராய இன்னோர் உபகுழு. ஈற்றில் மன்றம் சட்டபூர்வமாக இரண்டானது. தலைவருக்கொரு பதக்கம், செயலாளருக்கொரு பதக்கம். செலவைச் சுருக்க, பின்பக்கத்து ஒற்றுமைப் பெண்ணின் அச்சை மட்டும் இரு தரப்பும் பகிர்ந்துகொண்டன.

"என்ர ஆசனம்?" என்றாள் கௌசி.

"பெண்களுக்கு ஒரு பக்கம் முழுக்கத் தந்திருக்கிறம். இன்னும் என்ன?" என்றார் பாலேந்திரா. அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாத ரதீசனும் சொல் மாறாமல் அதையே சொன்னார்.

கௌசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீதி, கற்பு, பொறுமை எண்டால் நாங்கள். முகம் எண்டால் மட்டும் நீங்களோ?"

அன்றே மூன்றாவது மன்றம் பிறந்தது. பதினொரு ஆசனத்திலும் பெண்கள். தலைவி, ஏகமனதாக, கௌசி.

"முதல் தீர்மானம் என்ன?" என்று கேட்டாள் தோழி ஜெனோஜா.

கௌசி ஜன்னல் கண்ணாடியில் தன் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தாள். மூக்கு வெண்கலத்துக்குத் தோதாகத்தான் இருந்தது.

"பதக்கம்."

"பின்பக்கம் ஆர்?"

"பாவம், ஆம்பிளையளையும் ஒதுக்கேலாது. 'பணிவு' எண்டு ஒருத்தரை நிப்பாட்டுவம்."