இத்தாலிக் காரும் ஏழு படங்களும்

சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு நூல் அளவு மேலே நின்றது. நூர் முகம்மது காரை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, இறங்காமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போய்த் திரும்பியதற்கே இப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை குமுளி மலை ஏறுமா?

"என்னங்க, அங்கனயே உக்காந்துட்டீக?" வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த மதீனா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. லேசா சூடு."

"காருக்கா, உங்களுக்கா?"

மதீனா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகிறது. கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். ஊன்றுகோலோடு நடக்கிறாள், ஆனால் பஸ் படி ஏற முடியாது, ஆட்டோவில் காலை மடக்கி உட்கார முடியாது. அவளுடைய தம்பி ரபீக் குமுளியில் ஏலக்காய் வியாபாரி. ரபீக்கின் மகள் அப்ரினுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். அந்த ஒரு பயணத்துக்காகத்தான், பள்ளியில் டிராயிங் மாஸ்டரான நூர் முகம்மது, எட்டு வயதான இத்தாலிக் கார் ஒன்றைக் கட்டப்பனை எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கினார். டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காத சின்ன வண்டி. முன்சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினால் மதீனா காலை நீட்டிக்கொள்ளலாம். வேறு எதையும் அவர் சோதித்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே மெக்கானிக் சின்னக்கருப்புவிடம் போனார். சின்னக்கருப்பு அவரிடம் படித்தவன்தான்.

"சார், ஜீப்புன்னா கொண்டாங்க, டிராக்டருன்னா கொண்டாங்க. இத்தாலிக்காரன் வண்டியப் பிரிச்சா எனக்கே மாட்டத் தெரியாது. தேனிக்குக் கொண்டு போங்க."

தேனியில் போனில் சொன்னார்கள்: சாமான் வர மூன்று வாரம்.

வீட்டுக்கு வந்தவர், காரோடு கிடைத்த புத்தகத்தை எடுத்தார். எஸ்டேட்காரரின் சொந்தக்காரர் யாரோ இத்தாலியிலிருந்து அனுப்பியது. ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஆனால் நடுப்பக்கத்தில் ஏழு படங்கள் இருந்தன. ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு, ஒரு மீசைக்காரன் முகமெல்லாம் சிரிப்பாகக் காரில் ஏதேதோ செய்துகொண்டிருந்தான். மேலே பெரிய தலைப்பு. தலைப்பின் முடிவில் ஆச்சரியக்குறி.

"மதீனா, எல்லாம் இதுல இருக்கு. எவ்வளவு சந்தோசமா எழுதிருக்கான் பாரு."

"என்ன எழுதிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"படத்துக்கு எதுக்குப் பாஷை? இருபத்தெட்டு வருசம் படம் போட்டவன் நானு."

முதல் படத்தில் மீசைக்காரன், ஓடிச் சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துகொண்டிருந்தான். மூடியிலிருந்து அழகான மேகம் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. நூர் முகம்மது இஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிட்டுத் திறந்தார். மேகம் கிளம்பியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோனது.

"சூடு வெளிய போயிருச்சுல்ல?" என்றார், கையை உதறிக்கொண்டே.

"போயிருச்சு. உங்க கைக்கு."

இரண்டாவது படத்தில் மீசைக்காரன் கையில் குடம். கொதிக்கிற இஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினார். உள்ளே எங்கேயோ 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் முள் ஏறவே இல்லை. நூர் முகம்மது பூரித்துப்போனார். மறுநாள் காலையில் கார் வெள்ளைப் புகை விட்டது. புகை தெரு முழுக்கப் பரவ, எதிர்வீட்டு ராக்கம்மாள் காயப்போட்டிருந்த துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"மூணாவது படத்துல அதுக்கு வழி இருக்கு," என்றார்.

மூன்றாவது படத்தில் மீசைக்காரன் இஞ்சின்மேல் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சினான். இவரும் பீய்ச்சினார். புகை நின்றுவிட்டது. ஏனென்றால் வண்டியே கிளம்பவில்லை.

புதன்கிழமை ரபீக் போன் செய்தான். "மச்சான், சங்கடப்படாதீக. நான் ஜீப் அனுப்புறேன். அக்காவ அதுல கூட்டிட்டு வாங்க."

"எங்க வீட்டுக் கார் இருக்கைல ஜீப் எதுக்கு மாப்ள? ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு உன் வாசல்ல நிப்போம்."

போனை வைத்தவர் நேராக நான்காவது படத்துக்குப் போனார். அதில் நாலு பேர் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தொழுகை முடிந்து வந்தவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினார்கள். தெருமுனைவரை போய்த் திரும்பி வரும்போது கார் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. ஆனால் அந்தச் சத்தம்! கிரைண்டரில் அரிசிக்குப் பதில் ஜல்லியைப் போட்டு ஆட்டுவதுபோல இருந்தது. இருந்தாலும் ஓடுகிறதே என்று, ஓடுகிற வண்டியிலேயே ஐந்தாவது படத்தைப் பார்த்து பேட்டரி ஒயரைக் கழற்றினார்.

முன்விளக்கு இரண்டும் பளீரென்று எரிந்து அணைந்தன. ஹாரன் தானாக அலறத் தொடங்கியது. பதறி ஒயரைத் திரும்ப மாட்டினார், சாவியைத் திருப்பினார், உருவினார், நிற்கவில்லை. முன்னால் போன காய்கறி வண்டிக்காரன், தன்னை ஒதுங்கச் சொல்கிறார் என்று நினைத்து ஒதுங்கி ஒதுங்கிச் சாக்கடையில் போய் நின்றான். பத்து நிமிடம் அலறிவிட்டு ஹாரன் தானே அடங்கியது. அதற்குப்பின் அதுவும் பேசவில்லை.

அன்று மாலை மதீனா, நிக்காஹுக்கு என்று எடுத்துவைத்திருந்த பச்சைப் பட்டுச் சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, உடம்புக்கு முடியலன்னு சொல்லிருவமா?"

நூர் முகம்மது வெந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எட்டு மாசமா இந்தச் செவத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் பாத்தா என்ன? நீங்க கையப் புண்ணாக்கிக்கிட்டு அலையறதுதான் பாக்க முடியல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கார்ப் பக்கம் போய், மதீனா உட்கார வேண்டிய முன்சீட்டில் தான் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. கண் கலங்கிவிட்டது.

ஆறாவது படம் கடினமானது. இஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பல் வைத்த பெல்ட்டை உருவுவது. வெள்ளிக்கிழமை முழுவதும் உருவினார். சனிக்கிழமை முழுவதும் மாட்டினார். பென்சிலால் வரைந்து அடையாளம் வைத்து, ஒரு பல் பிசகாமல் மாட்டியதாகத்தான் நினைத்தார். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே, வேண்டாமென்று சொல்லியும் ரபீக் ஏற்பாடு செய்த ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சின்னக்கருப்பு. கூடவே கான்வென்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் சுகிர்தம் சிஸ்டர். மதீனாவை அலுங்காமல் ஏற்றி இறக்க, ரபீக்தான் கேட்டு அழைத்து வரச் சொல்லியிருந்தான். அவர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தே பத்து நாள்தான் ஆகிறது.

பச்சைப் பட்டு உடுத்தி மதீனா வாசலில் நின்றாள். "அவுக வராம நான் ஏற மாட்டேன் சிஸ்டர்."

"எங்கன இருக்காக?"

மதீனா காரைக் காட்டினாள். ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிய காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"சார்! மணியாச்சு, வாங்க!" என்றான் சின்னக்கருப்பு.

"அரை மணி நேரம் பொறுடா கருப்பு!" அடியிலிருந்து குரல் வந்தது. "ஆறு படம் முடிஞ்சது. மீசைக்காரன் காருக்கு அடியில படுத்திருக்கிற இது ஒண்ணுதான் பாக்கி. இதையும் முடிச்சிட்டா எங்க கார்லயே வந்துருவோம்."

"இன்னுமா நம்புறீக?" என்றாள் மதீனா. குரல் உடைந்திருந்தது.

"முழுசாச் செய்யாமப் பாதியில விட்டா எப்படி புள்ள பலிக்கும்? புத்தகத்துல ஏழுன்னா ஏழு."

சுகிர்தம் சிஸ்டர் பானெட்டின்மேல் விரித்துக் கிடந்த புத்தகத்தை எடுத்தார். எடுத்தவர், உதடு அசைய மளமளவென்று வாசிக்கத் தொடங்கினார்.

சின்னக்கருப்பு வாயைப் பிளந்தான். "சிஸ்டர், உங்களுக்கு இத்தாலி தெரியுமா?"

"ரோம்ல முதியோர் இல்லத்துல ஆறு வருசம் வேல பாத்தேன். போன மாசந்தான் வந்தேன்."

காருக்கு அடியிலிருந்த கால்கள் சந்தோஷத்தில் துள்ளின. ஜாக்கி கிரீச்சென்றது. "அப்படிப் போடுங்க! சிஸ்டர், அந்தத் தலைப்ப மட்டும் வாசிச்சுச் சொல்லுங்க. ஒரு வாரமா அது மட்டுந்தான் எனக்குப் புரியல."

சிஸ்டரின் முகம் வெளுத்தது. புத்தகத்தைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், சின்னக்கருப்புவிடம் காரைப் பிடிக்கும்படி கையைக் காட்டினார். பிறகு, தூங்குகிற குழந்தையை எழுப்புவதுபோல மெல்லச் சொன்னார்:

"ஆடாம அசையாம வெளிய வாங்கண்ணே... 'எக்காரணம் கொண்டும் நீங்களாகச் செய்யக் கூடாத ஏழு காரியங்கள்!'னு போட்டிருக்கு, நீங்க இப்ப ஏழாவதுக்கு அடியில படுத்திருக்கீக."