மில்லுக்கு ஏழாவது ஆள்

"ஏழு பேர் இல்லாம குரூப் பாலிசி போட முடியாதுங்க," என்று மூன்றாவது முறையாகச் சொன்னான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சந்தோஷ்.

தனசேகரன் மறுபடியும் விரல் விட்டு எண்ணினார். கச்சிராயபாளையம் சாலையில் இருந்த அவருடைய சிறுதானிய மில்லில் வேலை செய்பவர்கள் ஐந்து பேர். தன்னையும் சேர்த்தால் ஆறு. எப்படி எண்ணினாலும் ஆறு ஏழாகிற வழியாக இல்லை.

"எனக்கு மட்டும் தனியா போட்டா?"

"இருக்குற நோய்க்கு மூணு வருசம் காத்திருக்கணும். குரூப்புல மொத நாள்லேர்ந்தே கெடைக்கும். ஆமா, ஒங்களுக்கு இன்னா நோய்?"

"எனக்கு இன்னா! எல்லாம் ஆளுங்க நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

பச்சைப் பொய். அவருக்குக் குடலிறக்கம். உடனே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. கையிலிருந்த பணமெல்லாம் புது மெஷினில் போயிருந்தது. வெளியே சொல்லவோ வெட்கம். வேட்டிக்குள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, கேட்பவர்களிடம் வாயுப்பிடிப்பு என்று சமாளித்து வந்தார். அந்தப் பெல்ட்டைத் துவைத்து மில்லுக்குப் பின்பக்கம் யாருக்கும் தெரியாமல் காயப்போடுவார். தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. மனிதர் நல்லவர்தான், கொஞ்சம் பயந்தவர்.

மறுநாள் காலை எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"ஒங்களுக்கு ஒண்ணுன்னா யாரு பாக்கறது? நம்ம பாப்பாத்திக்கே நாளைக்கு வயித்துல கல்லுன்னு வந்தா?"

சல்லடை பிடிக்கும் பாப்பாத்தி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மூட்டை தூக்கும் பூமாலையைப் பார்த்தாள். பூமாலை கூரையைப் பார்த்தான்.

"நல்ல காரியம் மொதலாளி. சீக்கிரம் செய்ங்க," என்றாள் பாப்பாத்தி.

அன்று மதியமே ஏழாவது ஆள் கிடைத்துவிட்டார். மலைமேல் கரியாலூரிலிருந்து சாமை மூட்டை கொண்டு வரும் மாயவனை, நின்ற இடத்திலேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார் தனசேகரன்.

"இன்னா வேலைங்க?"

"சாமைய பாக்கணும்."

"பாத்து?"

"பாத்துக்கினே இருக்கணும்."

மாயவனைப் பார்த்தால் ஐம்பது வயதுதான் சொல்லலாம். ஆதார் எழுபத்தொன்று என்றது.

"கார்டு எடுக்க வந்தவங்க வயசு கேட்டாங்க. நீங்களே பாத்து போடுங்கன்னேன். அன்னிக்கு நான் சேவிங் பண்ணலைங்க," என்றார் மாயவன்.

அறுபத்தைந்துக்கு மேல் இந்தப் பாலிசியில் எடுக்க மாட்டார்கள் என்று சந்தோஷ் கையை விரித்தான். மாயவனை அனுப்பவும் முடியவில்லை. வேலை கிடைத்துவிட்டதென்று மலை முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். போதாததற்கு வேலையை மனதார எடுத்துக்கொண்டார். மூட்டை மூட்டையாகப் பார்த்து, "கல்லு கீது. திரும்ப சலிங்க," என்றார். மில்லில் பாதி வேலை நின்றது.

பாப்பாத்திதான் வழி சொன்னாள். "அவரு மவ கவியா வூட்லதான கீறா? படிச்ச பொண்ணு. அவள சேத்துக்குங்க."

இரண்டு நாள் கழித்துக் கவியா வந்தாள். அவளுக்கு முன்னால் அவள் வயிறு வந்தது. எட்டாம் மாதம்.

"பிரசவத்தையும் சேக்கணுங்க. பிரீமியம் ஜாஸ்தியாவும்," என்றான் சந்தோஷ்.

"சேருப்பா," என்றார் தனசேகரன். பேசும்போதே இடுப்புக்குக் கீழே சுருக்கென்றது. பக்கத்திலிருந்த மூட்டையைப் பிடிக்கப் போனவரை, "நவுருங்க மொதலாளி, தூசி படும்," என்று பூமாலை ஒதுக்கி நாற்காலியில் உட்கார வைத்தான்.

கவியாவின் பெயரை எழுதிய மறுநாளே, கணக்குப் பார்க்கும் ராதிகா பத்திரிகையோடு வந்தாள். திருநாவலூரில் மாப்பிள்ளை, அடுத்த மாதம் கல்யாணம், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறாளாம்.

"நீ போனா ஆறு ஆயிடுமேம்மா!"

"எது சார்?"

"ஆளுங்க நல்லது!"

சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று கெஞ்சினார். அவள் பாப்பாத்தியோடு சல்லடைப் பக்கம் போனாள். மறுநாள் காலையில், "தை மாசம் வச்சிக்கலாம்னு அவங்க வூட்ல சொல்லிட்டேன் சார்," என்றாள்.

"சம்பளம்?"

"அத அப்புறம் பாத்துக்கலாம் சார்."

தன் பேச்சுத் திறமையை நினைத்துத் தனசேகரனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு வழியாகப் பாலிசி வந்தது. ஆளுக்கொரு அட்டை. அதைக் கொடுக்க எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். எதிரே நின்றவர்களின் முகத்தில் அத்தனை சந்தோஷம். தன் நோய்க்காக இவர்களை வைத்து விளையாடிவிட்டோமே என்று வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வழக்கமான பொய்தான் வந்தது.

"எனக்குன்னு ஒண்ணும் இல்ல. எல்லாம் ஒங்களுக்காகத்தான். வெளியூர்ல ஒரு வேலை கீது, நாலஞ்சு நாள் வரமாட்டேன்."

"போய்ட்டு வாங்க மொதலாளி, மூட்டை கீட்டை தூக்காதீங்க," என்றான் பூமாலை.

முதல் அட்டையைக் கவியாவிடம் நீட்டினார். மலையிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகாத பெண், சூது வாது தெரியாதவள். பாப்பாத்தி பின்னாலிருந்து கண்ணைக் காட்டியது அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கு எதுக்குங்க இது? எங்க எல்லார்கிட்டயும் கவர்மெண்ட் காப்பீட்டு கார்டு கீது, பாப்பாத்தியக்கா கல்லுகூட போன வருசம் அதுலதான் எடுத்தாங்க; ஒங்க குடலிறக்கத்துக்கு ஆள் கொறையுதுன்னு அக்கா பஸ் ஏறி மலைக்கே வந்து கூப்பிட்டாங்க, இல்லாட்டி இந்த வயித்த வச்சிக்கினு யாருங்க வேலைக்கு வருவா?"