ஒலிக்கக் கூடாத பெட்டி

ஒலிக்கவே கூடாத பெட்டி கணீரென்று ஒலித்தது.

உள்ளே இருந்தது நானோவின் செல்போன். பிளாஸ்டிக் வாளி செய்யும் அந்தத் தொழிற்சாலையின் ஒரே ஆராய்ச்சியாளர் அவர். நானோ என்பது சக ஊழியர்கள் வைத்த பெயர். அவர் ஆராயும் துகளும் கண்ணுக்குத் தெரியாது, வாங்கும் சம்பள உயர்வும் கண்ணுக்குத் தெரியாது.

மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கில் நானோ கரித்துகளைக் கலந்து ஒரு கறுப்புப் பூச்சு தயாரித்திருந்தார். அதைப் பூசிய பெட்டிக்குள் செல்போன் அலை நுழையாது. மருத்துவமனைக் கருவிகளை அலைத் தொந்தரவிலிருந்து காக்க இப்போது கனத்த உலோகக் கூடுதான் கதி. இது இலேசு. கருவி செய்யும் கம்பெனிக்காரர் இன்று ஆர்டர் கொடுத்தால் நானோவுக்குத் தனி ஆய்வகம். இல்லையென்றால் வாளி மூடிப் பிரிவு என்று முதலாளி அன்போடு சொல்லியிருந்தார்.

கம்பெனிக்காரர் நானோவின் எண்ணை அழுத்தி, போனைக் காதுக்குக் கொண்டுபோவதற்குள் பெட்டி பாடிவிட்டது.

"அலை உள்ள போகாதுன்னீங்க?" என்று இணைப்பைத் துண்டித்தார்.

"மூடி ஓரத்துல மயிரிழை இடைவெளி இருக்கு சார். அது வழியா புகுந்திருக்கும்."

நானோ ஓரமெங்கும் பூச்சை அப்பி, சூடான காற்று ஊதிக் காயவைத்தார். கம்பெனிக்காரர் சட்டைப்பையிலிருந்து போனை எடுக்க மட்டுமே செய்தார். பெட்டி மறுபடி பாடியது.

"நான் இன்னும் நம்பரே போடலையே!"

"வேற யாராவது கூப்பிட்டிருப்பாங்க சார்."

"அடடா! யார் வேணும்னாலும் கூப்பிடலாம் போலிருக்கே. ரொம்ப வசதி," என்றார் முதலாளி.

நானோ இன்னொரு பூச்சு பூசினார். அதன்மேல் இன்னொன்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மூடி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. உள்ளே பாட்டு மட்டும் தடையில்லாமல் மூன்றாம் முறை வந்தது.

"எங்களுக்கு உலோகமே போதும்," என்று கம்பெனிக்காரர் கிளம்பினார்.

"ரெண்டு வருஷமா நீ கரி பூசினது பெட்டிக்கு இல்லய்யா, என் மூஞ்சிக்கு!" என்றார் முதலாளி. "மிச்சத்தைக் கொட்டிட்டு மூடிப் பிரிவுக்குப் போ."

நானோ மிச்சப் பூச்சைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு வருட உழைப்பைக் கழிவுத் தொட்டியில் தன் கையாலேயே கவிழ்த்தார். பாட்டு அடங்கியிருந்த பெட்டியைச் சுத்தியலால் போட்டு உடைத்தார். வெளியே வந்த போன் உடனே அலறியது. மனைவி.

"ஏங்க, ஒரு மணி நேரமா கூப்பிடறேன், தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்றா! மாத்திரை போட்டீங்களா இல்லையா? மறந்துடுவீங்கன்னுதானே உங்க ரிங்டோன் பாட்டையே அலாரமா வச்சு விட்டேன், அணைக்கிற வரைக்கும் விட்டு விட்டு அடிக்குமே, காதுல விழலையா?"