இரண்டு மீட்டர் இசிமேலி

தொற்று வந்த வருஷத்தில் நம்மிடையே ஓர் இனம் தலையெடுத்தது. 'தள்ளி நில்லுங்க' ஆசாமி என்று அதற்குப் பெயர் வைக்கலாம். அடையாளம் எளிது: அவர் எதையும் தூரத்தில் இருந்து சொல்லமாட்டார். நேரே உங்களிடம் வருவார், மூக்குக்கும் மூக்குக்கும் ஒரு சாண் இடம் விட்டு நிற்பார், சொல்வது சரியாகக் காதில் விழவேண்டுமே என்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்குவார், உங்கள் தோளில் கையை வைத்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். நல்ல மனிதர். உங்கள் உயிரைப் பற்றி உங்களைவிட அவருக்குத்தான் கவலை.

எங்கள் வனுவா லேவு தீவில் இந்த இனத்தின் தலைவர், கோர்ட் டவாலி இசிமேலி. தொற்றுக்காகக் கோர்ட்டைப் பூட்ட முடியாது என்று மாஜிஸ்திரேட் வசிதி அம்மாள் கட்டிடத்தை விட்டு வெளியே வந்து, பின்கட்டுத் தார்ப்பாய்க் கொட்டகையில் நாற்காலிகளை விலக்கிப் போட்டு, காற்றோட்டமாக வழக்கு நடத்த ஆரம்பித்தார். பாதுகாப்புப் பொறுப்பு இசிமேலிக்கு. கோர்ட் கொடுத்தது ஒரு மஞ்சள் மேல்சட்டையும் கையில் தடவும் மருந்தும்தான். இரண்டு மீட்டர் மூங்கில் அவராகவே வெட்டிக்கொண்டது. காலையில் அதன் ஒரு முனையை ஒருவர் தொப்பையிலும் மறுமுனையை அடுத்தவர் தொப்பையிலும் வைத்து, இடைவெளி குறைந்தால் இருவரையும் தோளைப் பிடித்து நகர்த்துவார். கொட்டகை முழுவதையும் அளந்து முடிக்கும்போது அங்கே யாரும் யாரையும் தொட்டிருக்கமாட்டார்கள். இசிமேலி எல்லோரையும் தொட்டிருப்பார். வக்கீல் தும்மினால் ஓடிப்போய், முகத்தருகே குனிந்து, எத்தனை நாளாகத் தும்மல் என்று விசாரிப்பார். இதை யாராவது அவரிடம் எடுத்துச் சொல்லக்கூடாதா? சொல்லலாம். அவர் காதருகே போய்ச் சொல்லும் துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

அன்று விலிகேசாவின் வழக்கு. படகுத்துறையில் மீன் பங்கு பிரிக்கும்போது, சொந்த மச்சான் ருபேனியை முழுச் சூரை மீனால் முதுகில் சாத்திவிட்டான். மச்சானும் மச்சானும் நாள் முழுக்கக் கிண்டலடித்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம்தான். அன்று கிண்டல் கொஞ்சம் கனமான மீனாகப் போய்விட்டது. இந்த மாதிரி வழக்கில் இருவரும் அம்மாள் எதிரில் கைகொடுத்துச் சமாதானம் ஆனால் கேஸ் தள்ளுபடி. ஆகாவிட்டால் தண்டனை. தண்டனை என்று ஒரு வரி பதிவானாலோ, வழக்கு முடியாமல் நின்றாலோ, வெள்ளிக்கிழமை ஆப்பிள் பறிக்க நியூசிலாந்து கிளம்பும் விமானத்தில் விலிகேசாவுக்கு இடமில்லை. புயல் கொண்டுபோன கூரைக்குப் பதிலாக இன்னும் ஓலையைப் பரப்பி, அதன் கீழே பெண்டாட்டி பிள்ளைகளை வைத்திருக்கிறான் அவன்.

விலிகேசா மன்னிப்புக் கேட்டான். ருபேனி எழுந்து கையை நீட்டினான். நடுவே மூங்கில் வந்து விழுந்தது. தொடக்கூடாது என்று இசிமேலி இருவர் முகத்துக்கும் நேராகப் போய் விளக்கினார். முழங்கையை இடித்துக்கொள்ளலாமா என்று வக்கீல் கேட்டார். கூடாது. ஆளுக்கொரு முனையாக மூங்கிலைப் பிடித்துக்கொள்ளலாமா என்று அம்மாள் கேட்டார். அதற்கு இசிமேலி சம்மதித்தார், ருபேனி சம்மதிக்கவில்லை.

"கையைப் புடிக்காம என்ன மேடம் சமாதானம்? மீனால சாத்தும்போது இவன் ரெண்டு மீட்டர் தள்ளி நின்னா சாத்தினான்?"

கொட்டகை சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை. தொற்று அடங்கும்வரை வழக்கைத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றார். விலிகேசா தலையைத் தொங்கப்போட்டான். அதைப் பார்த்து இசிமேலி மூங்கிலைக் கீழே சாய்த்தார். ஒரு குடும்பத்தின் கூரையைத் தன் மூங்கில் தடுத்துக்கொண்டு நிற்பதை அவரால் தாங்கமுடியவில்லை.

"மேடம், சுகாதார நோட்டீஸ்ல வழக்குக்கு வந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் தொடக்கூடாதுன்னுதான் இருக்கு. டவாலியைப் பத்தி ஒண்ணும் இல்லை."

அம்மாளுக்குப் புரிவதற்குள் இசிமேலி கையில் மருந்தைத் தடவிக்கொண்டார். விலிகேசாவின் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினார். பிறகு குலுக்கிய தன் கையை, சடங்கில் தலைவருக்கு யங்கோனா பானம் நிறைந்த கிண்ணம் கொண்டுபோவதுபோல, சிந்தாமல் ஏந்தி இரண்டு மீட்டர் நடந்து ருபேனியின் கையில் வைத்து அழுத்தினார்.

ருபேனி ஒரு கணம் திகைத்தான். பிறகு இசிமேலியை இறுகக் கட்டிக்கொண்டான்.

"இதையும் அந்தத் தடியன்கிட்ட சேர்த்துடுங்க. போய் ஆப்பிளாவது ஒழுங்கா பிடுங்குடா மச்சான்."

கட்டிப்பிடிப்பு போய்ச் சேர்ந்தது. விலிகேசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மச்சானுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம் என்று இசிமேலியிடம் கொடுத்தனுப்பினான். அதுவும் போய்ச் சேர்ந்தது. இன்னும் என்னென்ன போகுமோ என்று பயந்து, அம்மாள் வழக்கைத் தள்ளுபடி செய்து கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை விலிகேசா பறந்துவிட்டான். அடுத்த வாரம் சுகாதார நர்ஸ் வந்து, கோர்ட்டில் யார் யாரை நெருங்கினார்கள் என்று விசாரித்தார். யாரும் யாரையும் நெருங்கவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்து முடித்ததும் எல்லோரும் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள். பரிசோதனையில் அவருக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் முன்னெச்சரிக்கையாகச் சில நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். தன்னைப்போல் எல்லோரும் விதியை மதித்தால் தொற்று என்றோ ஒழிந்திருக்கும் என்று, தன்னைப் பார்க்க வந்தவர்களை ஒவ்வொருவராக ஜன்னலருகே கூப்பிட்டு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். அடடா, இது நம் பக்கத்து வீட்டுக்காரரேதான் என்று தோன்றுகிறது. உடனே போய் அவரிடம் சொல்லவேண்டும்போல இருக்கிறது. தாராளமாகப் போங்கள். அவர் காதருகே குனிந்து சொல்லும்போது மட்டும், உங்கள் முகக்கவசம் எங்கே இருக்கிறது என்று தாடையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.