பெரிய தண்ணீர்க் கரையில் ஓர் அறை

இன்னும் முப்பத்தெட்டு நிமிடங்களுக்கு அந்த அறை பெர்மெத்துடையது. அதற்குள் ஆறு இலக்கங்களைத் தட்டியாக வேண்டும். இலக்கங்களை அனுப்பிவிட்டதாக முன்பதிவுத் தளம் சொன்னது. எங்கே அனுப்பியது என்று அப்புறம்தான் பார்த்தாள். நாற்பத்தேழு என்று முடியும் எண்ணுக்கு.

"ஐயோ, போச்சு!"

மருந்துக் கடையின் மறுகோடியில் இருமல் மருந்து அடுக்கிக்கொண்டிருந்த லூபா திரும்பிப் பார்த்தாள். பிஷ்கெக்கின் அந்தத் தெருவில் இருபது வருடமாக மருந்து விற்கும் ரஷ்யக்காரி. எதற்கும் சுலபத்தில் பதற மாட்டாள்.

"என்னடி, மாத்திரைய மாத்திக் குடுத்துட்டியா?"

"நாப்பத்தேழு பெரியத்தானோட நம்பர், லூபாக்கா!"

பெரியத்தான் என்றால் அவள் கணவன் உலானுக்கு மூத்த அண்ணன். போன கோடையில் தண்ணீர்க்கரையில் அறைகள் எடுக்க உலானின் கணினியில் உட்கார்ந்து முன்பதிவுத் தளத்தில் இந்தக் கணக்கைத் திறந்தவர் அவர்தான். குடும்பத்தில் பதினேழு பேர், நான்கு அறை, ஒரே அடுப்பு. பதினேழு பேருக்கும் இறைச்சி வேகவைத்து மாவு உருட்டியது பெர்மெத். கல்யாணமாகிப் பதினோரு கோடைகள் அப்படித்தான் போயின. கரையில் நின்று காலை நனைத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த வருடம் அவள், உலான், மகள், மூன்றே பேர். யாருக்கும் சொல்லவில்லை. ஆகஸ்டில் ஐந்து நாள் விடுப்பு வாங்கியாயிற்று. கரையோர விடுதிகள் எல்லாம் நிரம்பி, ஒன்றில் மட்டும் ஒரே ஓர் அறை மிச்சம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்.

"புதுசா ஒரு கணக்குத் திறந்துக்கயேன்" என்றாள் லூபா.

திறந்தாள். 'இந்த வங்கி அட்டை வேறொரு கணக்குடன் இணைந்துள்ளது. உங்கள் பாதுகாப்புக்காகப் புதிய கணக்கை இருபத்துநான்கு மணி நேரம் நிறுத்திவைத்துள்ளோம்' என்றது தளம்.

"யாருகிட்டேர்ந்து பாதுகாப்பு?"

"உன்கிட்டேர்ந்துதான்."

பெர்மெத் பழைய கணக்குக்கே திரும்பினாள். 'எண் வரவில்லையா?' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் வேறு எண்ணைக் கேட்கும், அங்கே தன் நம்பரைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அமுக்கினாள். கேட்கவில்லை. மறுபடி அமுக்கினாள். மூன்றாவது முறை அமுக்கியபோது திரை சிவந்தது.

'உங்கள் கணக்கில் யாரோ நுழைய முயல்கிறார்கள். உரிமையாளருக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது.'

"அவருக்கு அங்க சிக்னல் கெடையாதே?" என்றாள் லூபா.

"கெடையாது. ஆட்டோட மேய்ச்சல் மலையில இருக்கார். மத்தியானம் மட்டும் குதிரையில மேட்டுக்கு ஏறி, வந்த செய்தியெல்லாம் பாப்பார்."

இருவரும் ஒரே நேரத்தில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி பன்னிரண்டேகால். பெர்மெத்தின் கைப்பேசி அலறியது.

"பெர்மெத்! உலான் ஏன் எடுக்க மாட்டேங்குறான்?" காற்றும் குதிரையின் கனைப்பும் சேர்ந்து கேட்டன.

"கிரேன் மேல இருப்பாரு, பெரியத்தான். போனக் கீழ வச்சுட்டுத்தான் ஏறணுமாம்."

"நல்லாருக்கு! அவன் அங்க தொங்கிட்டிருக்கான், இங்க நம்ம கணக்குல திருடன் பூந்துட்டான்!"

"திருடனா!" பெர்மெத்தின் குரலில் இருந்த அதிர்ச்சிக்கு நடிப்பே தேவைப்படவில்லை.

"ஆறு நம்பர் வந்துச்சு. பின்னாடியே இன்னொரு ஆறு. நாலு தடவ! ஒண்ணொண்ணும் வேற வேற. எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பான் பாரு."

"கடைசியா வந்தது... என்ன நம்பரு, பெரியத்தான்?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்ல மாட்டேன்."

"இல்ல, சும்மாதான்..."

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு. குடும்பத்தாருக்கும் சொல்லாதீங்கன்னு தனியாவே போட்டிருக்கு. நீ நல்ல பொண்ணு, பெர்மெத், அதுல சந்தேகமே இல்ல. ஆனா போட்டிருக்கே!"

"சரிங்க."

"நாலையும் படிச்சேன், அழிச்சேன். 'நான் இல்லை'ன்னு ஒரு பொத்தான் இருந்துச்சு, அதையும் ஓங்கி அமுக்கிட்டேன். மொத்தமாப் பூட்டிட்டாங்க. இனி என் தம்பிகூட உள்ள போக முடியாது!"

வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றியை அவர் கண்டதில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"நீ கவலப்படாத. இந்த வருஷம் தண்ணிக்கரையே வேணாம். எல்லாரும் இங்க மலைக்கு வந்துருங்க. கம்பளி வெட்டுற நேரம், ஆளும் வேணும். பதினேழு பேரு, கூட வெட்டுறவங்க ஆறு பேரு. உன் கையால மந்திக் கொழுக்கட்டை சாப்பிட்டு எத்தன நாளாச்சு!"

இணைப்பு அறுந்தது. இருபத்துமூன்று பேருக்கு ஆளுக்குப் பத்து என்றாலும் எத்தனை கொழுக்கட்டைகளை வேகவைக்க வேண்டும் என்று பெர்மெத்தின் மனம் தானாகக் கணக்குப் போட்டது. அவள் மருந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினாலு நிமிஷம் இருக்கு" என்றாள் லூபா. "கீழ ஒரு நம்பர் போட்டிருக்கு பாரு. பூட்டின கணக்கத் திறக்கக் கூப்பிடணுமாம்."

கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் வந்தது மனிதக் குரல் இல்லை, இயந்திரம். தேன் தடவிய பெண் குரல்.

"வணக்கம். தாங்கள் செல்ல விரும்பும் இடத்தைச் சொல்லவும்."

பெர்மெத் எச்சில் விழுங்கினாள். "பெரிய தண்ணி."

"மன்னிக்கவும். புரியவில்லை."

"அதான்... எல்லாரும் குளிக்கப் போவாங்களே. சூடான பெரிய தண்ணி."

"வெந்நீர் ஊற்றுகள். சரியா?"

லூபா கைப்பேசியைப் பிடுங்கி, "இசிக்-கோல்!" என்று கத்தினாள். "ஏரிப் பேரக்கூடச் சொல்ல மாட்டியாடி?"

சொல்ல மாட்டாள். மூத்தாரின் பெயர் கோல்பாய். வீட்டுக்கு வந்த மருமகள் மூத்தாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. இசிக் என்றால் சூடு, கோல் என்றால் ஏரி. கல்யாணத்தன்று பெரிய நாத்தனார் காதோடு காதாக, "வீட்ல எல்லாரும் அவர இப்படித்தான் கூப்பிடுவோம், நீ மட்டும் சொல்லிடாத" என்று எச்சரித்ததிலிருந்து பெர்மெத்துக்கு அது பெரிய தண்ணீர்தான். மகளின் புவியியல் பாடத்தில்கூட அந்தப் பக்கத்தை உலான்தான் சொல்லிக்கொடுத்தான்.

"நன்று" என்றது இயந்திரம். "இப்போது கணக்கு உரிமையாளரின் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்லவும். தங்களுக்கு மூன்று வாய்ப்புகள் உள்ளன."

பெர்மெத்துக்கு முகம் வெளுத்தது.

"பேரு மட்டும் போதுமா?" லூபா வியந்தாள். "எந்தத் திருடனும் சொல்லிருவானேடி!"

"திருடன் சொல்லிருவான், லூபாக்கா. நான் எப்படிச் சொல்லுவேன்?"

"எங்கிட்டச் சொல்லு, நான் சொல்றேன்."

"உங்ககிட்ட மட்டும் எப்படிச் சொல்றது?"

எழுதுவதற்குத் தடை இல்லை. ஒரு மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி நீட்டினாள். லூபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கல்பாய்!" என்று முழங்கினாள்.

"பெயர் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு வாய்ப்புகள்."

"நீங்க ரஷ்யாக்காரி மாதிரியே சொல்றீங்க!"

"வேற யாரு மாதிரிச் சொல்லுவேன்? போடி! உன் மூத்தாரு, நீயே சொல்லு. ஆறு நிமிஷம் இருக்கு."

ஒரு கிழவர் வந்து வயிற்றுவலிக்கு மாத்திரை கேட்டார். லூபா அவரை, "ஆறு நிமிஷம் வலியப் பொறுத்துக்குங்க தாத்தா, இங்க ஒரு குடும்பம் கவுந்துட்டிருக்கு" என்று உட்கார வைத்தாள்.

பெர்மெத் சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மலை இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றாள். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். உலானின் முகம் நினைவுக்கு வந்தது. செத்துப்போன மாமியாரின் முகமும் வந்தது. பின் இருபத்துமூன்று பேரும் தட்டோடு வரிசையாக வந்தார்கள். கண்ணை இறுக மூடினாள்.

"கோல்பாய்."

கூரை இடிந்து விழவில்லை. பதினோரு ஆண்டு விரதம் ஓர் அட்டைப்பெட்டிக் குவியலுக்கு நடுவே முடிந்துபோயிற்று.

"பெயர் பொருந்தவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்து, கிழவர் தன் வயிற்றுவலியை மறந்தார்.

"சொல்லிட்டேன், லூபாக்கா. என் வாயாலயே சொல்லிட்டேன். அதுவும் தப்பாம்!"

"பாஸ்போர்ட்ல வேற பேரு இருக்குமோ? எங்க மாமாவ ஊரே ஒரு பேரச் சொல்லிக் கூப்பிடும். செத்தப்பறம்தான் சான்றிதழப் பாத்து நெஜப் பேரே தெரிஞ்சது."

"இருந்தா எங்கிட்ட யாரு சொல்லுவா? நான்தான் அவர் பேரு விஷயமே பேசக் கூடாதே!"

"உலான்?"

"ஆறு மணிக்குத்தான் எறங்குவாரு."

ஒரு நிமிடம் மிச்சம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும் அந்த அறையைத் திரையில் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். வெள்ளைப் படுக்கைவிரிப்பு. அடுப்பு இல்லை. அந்த அறையில் எங்குமே அடுப்பு இல்லை.

"தயவுசெய்து பெயரைச் சொல்லவும்" என்றது இயந்திரம் பொறுமையாக.

"விட்டுரும்மா. பாவம், உனக்கும் செரமம்."

"அது மெஷினுடி!" என்றாள் லூபா. "கட் பண்ணு."

ஆனால் இத்தனை நேரம் பேசியவளிடம் சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிடுவது எப்படி? பதினோரு ஆண்டுகளாக மூத்தாரின் கையிலிருந்து தேநீர்க் கிண்ணம் வாங்கும்போதெல்லாம், விருந்து முடிந்து விடைபெறும்போதெல்லாம், அவர் முகத்துக்கு நேராகத் தலை குனிந்து நன்றி சொல்வாளே, அதே பணிவோடு பெர்மெத் கைப்பேசிக்கும் தலை குனிந்து தங்கள் கிர்கிஸ் மொழியில் நன்றி சொன்னாள்.

"ரஹ்மத்."

"பெயர் பொருந்துகிறது" என்றது இயந்திரம். "தங்கள் கணக்கு திறக்கப்பட்டது, திரு. ரஹ்மத் அவர்களே."