அப்பறம் பாயும் சுற்றும் முக்காலியும்

'டிசைன்', 'கிரியேட்டிவிட்டி' என்று இன்றைக்குப் பெரிய ஊர்களில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்களே, அதையெல்லாம் எழுபதுகளின் தொடக்கத்திலேயே பொம்மிடியில் ஒரு மனிதர் செய்து பார்த்துத் தோற்றும் முடித்துவிட்டார். அவரை அப்பறம் பாய் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் மனைவிகூட ஒரு கணம் யோசிப்பார்.

ஸ்டேஷன் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்தார். நான் அப்போது பொம்மிடி ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். பொட்டலம் மடிக்கப் பெங்களூரிலிருந்து அவருக்குப் பழைய பேப்பர் மூட்டை பார்சலில் வரும். மூட்டையின் மேலாகக் கொஞ்சம் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் கிடக்கும். வழவழப்பான தாள், அதில் துவரம்பருப்பு மடித்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் பொட்டலம் தானாகவே பிரிந்துகொள்ளும். அதனால் யாருக்கும் வேண்டாத சரக்கு. பாய்க்கு அதுதான் உயிர். படங்களைப் பார்த்துப் பிரமித்துவிட்டு, எழுத்தைப் படிக்க என்னைத் தேடி வருவார்.

"சார், இந்த நாற்காலிக்கு ஏன் மூணே காலுன்னு போட்டிருக்கான்? கொஞ்சம் படிங்க."

நான் படித்துத் தமிழில் சொல்வேன். மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்பறம்?" என்பார். பழைய பேப்பர்க்காரன் கட்டிய மூட்டையில் எந்தக் கட்டுரையும் முழுசாக வந்ததில்லை. பாதியில் கிழிந்திருக்கும். "அவ்வளவுதான் பாய், மீதியக் காணோம்" என்றால் அவர் கவலைப்பட மாட்டார். மீதியைத் தானே யோசித்துக்கொள்வார். ஊருக்கு ஆபத்து தொடங்கியது அந்த மீதியில்தான்.

முதலில் மாட்டியது டீக்கடை முனுசாமி. ஒரு டீயை வாங்கிக்கொண்டு மத்தியானம் வரை பெஞ்சைத் தேய்க்கிறார்கள் என்று அவன் புலம்பிக்கொண்டிருந்த சமயம். சாப்பிட்டவர்கள் சீக்கிரம் எழுந்து போகும்படி ஏதோ ஒரு வெளிநாட்டு ஓட்டலில் நாற்காலியை முன்பக்கம் சாய்த்துச் செய்திருப்பதாக நான் படித்துச் சொன்னேன். எவ்வளவு சாய்வு என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. பாய் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, பெஞ்சின் முன்கால்களை அறுக்கச் சொல்லிவிட்டார்.

உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் எழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. வழுக்கித் தரைக்கு வந்தார்கள். வழக்கமான ஆட்கள் எதிர்ப்பக்கப் புளியமரத்தடிக்கு இடம் மாறி, ரயிலிறங்கி வரும் வெளியூர்க்காரர் யார் விழுவார் என்று காலையிலிருந்து காத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி ஒருவர் சூடான டீயோடு சறுக்கிய அன்று, முனுசாமி செங்கல்லை எடுத்தான். நல்லவேளை, பெஞ்சுக்கு அண்டை கொடுக்கத்தான்.

"சாய்வு சரிதாங்க சார். ஜனங்களுக்கு ஒக்காரத் தெரியல" என்றார் பாய்.

இன்னொரு தடவை, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து மனசில் தோன்றுவதையெல்லாம் சொன்னால் புதுப்புது யோசனை பிறக்கும் என்று ஒரு கட்டுரை. யாரும் சிரிக்கக் கூடாது, யாரும் கோபப்படக் கூடாது என்பது அதில் சட்டம். கடை வாசலில் கூட்டம் போட்டார் பாய். வியாபாரம் பெருக என்ன செய்யலாம் என்பது கேள்வி.

"கடைய சேலத்துக்கு மாத்திடுங்க" என்றார் ஒருவர். பாய் தலையாட்டினார்.

"கதவ தெறந்து வெச்சிட்டு பொஸ்தகம் பாக்கறத நிறுத்துங்க" என்றார் இன்னொருவர். அதற்கும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

"மொதல்ல எடைக்கல்ல மாத்துங்க பாய்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எவன்டா அவன்?" என்று பாய் எழுந்தார். கோபப்படக் கூடாது என்ற சட்டம் அதோடு ரத்து. கூட்டமும் ரத்து.

இதெல்லாம் ஊர் சிரித்துவிட்டுப் போன விஷயம். சமையல்கட்டு விவகாரம் அப்படி இல்லை.

ஒரு வெளிநாட்டுப் பெண்மணி எழுதிய கட்டுரை அது. சமையலறையில் பெண்கள் வீணாக நடந்தே களைத்துப்போகிறார்களாம். எல்லாச் சாமானும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிட்டால் பாதி வேலை குறையுமாம். படத்தில் ஒரு பெண் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி, 'இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பு மிக முக்கியமாகச் செய்ய வேண்டியது' என்ற இடத்தில் கிழிந்திருந்தது.

"அப்பறம்?"

"கிழிஞ்சிருச்சு பாய்."

மோட்டுவளையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "தொடங்கறதுக்கு முன்னாடி வேறென்னா? பொண்டாட்டிய ஊருக்கு அனுப்பறதுதான்!"

அவர் மனைவியை நாங்கள் பாபி என்று கூப்பிடுவோம். பாப்பாரப்பட்டியில் அண்ணன் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. எப்போதும் கல்யாணத்தன்று காலையில் அனுப்புகிற மனுஷன், இந்தத் தடவை வெகுநாள் முன்னதாகவே பஸ் ஏற்றிவிட்டார். பாபிக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவர் திரும்பி வந்தபோது அடுப்பு அறையின் நடுவுக்கு வந்திருந்தது. சுற்றிலும் வட்டமாகப் பலகை. உத்தரத்திலிருந்து கயிற்றில் கரண்டிகள், சொம்புகள், மிளகாய் டப்பா. மத்தியில் சைக்கிள் பால்ரஸ் குண்டுகள் போட்டுச் சுற்றுகிற முக்காலி. உள்ளே போகப் பலகைக்கு அடியில் குனிந்துதான் நுழைய வேண்டும். பாபி நுழைந்து உட்கார்ந்தார். மிளகாய்க்குக் கை நீட்டினால் முக்காலி உப்பிடம் கொண்டுபோய் விட்டது. உப்புக்கு நீட்டினால் சுவரைப் பார்க்க வைத்தது. கிரீஸ் அவ்வளவு தாராளம். தலை சுற்றி இறங்கினார். கொண்டு வந்த டிரங்குப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

"வாயே தெறக்கலீங்க சார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல" என்றார் பாய்.

நாட்கள் போயின. பாபி வரவில்லை. கூப்பிட்டனுப்பியதற்குப் பதிலும் இல்லை. பாய் ஓட்டலில் தின்றார், இளைத்தார். பேப்பர் மூட்டை பார்சல் ஆபீஸில் கேட்பாரற்றுக் கிடந்தது. வழவழத்தாளில் சர்க்கரை மடித்துக் கொடுக்கும் அளவுக்கு விரக்தி முற்றிவிட்டது. ஊர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டது. கடைசியில் ஒருநாள் டிக்கெட் கவுண்டருக்கு வந்து நின்றார்.

"நீங்களும் பாப்பாரப்பட்டிக்கு வாங்க சார். படிச்சது நீங்கதான?"

மறுக்க வழியில்லை. தருமபுரி போய் பஸ் மாறிப் போனோம். பாபி நடையில் நின்றபடியே பேசினார், என்னைப் பார்த்து.

"அத எளுதுன பொம்பள அவ வூட்டு சமையக்கட்ட மாத்திக்கட்டும். என் வூட்டுக்கு எதுக்குங்க வந்தா?"

"உனக்கு நடக்கற வேல மிச்சமாவுமேன்னுதான்..." என்றார் பாய்.

"நடக்கறது கஷ்டம்னு நான் எப்பங்க சொன்னேன்? அரிசி எடுக்கப் போறப்பதான் பக்கத்து வூட்டுக்காரிகிட்ட ரெண்டு வார்த்த பேசுவேன். அதயும் மிச்சம் புடிச்சிட்டீங்க."

பாய் என்னைப் பார்த்தார். கடைசி வரி கிழிந்திருந்த கதையை நான் மெதுவாகச் சொன்னேன்.

"இதுக்கு இங்கிலீசு வேணுமா? சமைக்கறவள ஒரு வார்த்த கேக்கணும்னு போட்டிருப்பா" என்றார் பாபி.

"சரி, இப்ப கேக்கறேன். உனக்கு என்னா வேணும்?"

பாபி தடுமாறிப்போனார். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "ஒரு சன்னல். பொகையில கண்ணு எரியுது" என்றார்.

"அப்பறம்?"

"அம்மி வெளிச்சத்துல இருக்கணும்."

"அப்பறம்?"

"ஒரு வேளையாவது பொஸ்தகத்தப் பத்திப் பேசாம சோறு திங்கணும்."

பாய் ஆழ்ந்து யோசித்தார். "அது டிசைன்ல வராதே" என்றார்.

நடையில் நின்றிருந்த பாபி சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அண்ணன் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். பாய் வாயே திறக்காமல் சாப்பிட்டார். மறுநாள் பாபி பொம்மிடியில் இருந்தார்.

சுவரை இடித்து ஜன்னல் வைத்தார் பாய். தெருவில் மற்ற பெண்களும் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக்காரர்களை நச்சரிக்க, வரிசையாக ஜன்னல்கள் முளைத்தன. எல்லாம் தான் பத்திரிகையில் படித்ததுதான் என்று பாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். முக்காலியை சலூன்காரர் கேட்டு வாங்கிப் போனார். பாய் தானே யோசித்து உருவாக்கியவற்றில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

எனக்கு ஈரோட்டுக்கு மாற்றலாகிப் புறப்பட்ட நாளில் பெட்டியை ஏற்றிவிட வந்தார். ஏற்றியவர் எதிரில் உட்கார்ந்து, கடலுக்கடியில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். சேலம் வரைக்கும் பேசினார். அங்கே அவருக்கு நானே டிக்கெட் எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பேச்சு மும்முரத்தில் பொம்மிடியில் வண்டி கிளம்பியதைக் கவனிக்கவில்லை என்றுதான் அவரும் வீட்டில் சொன்னாராம். நானும் இத்தனை காலம் அப்படித்தான் சொல்லி வருகிறேன். வண்டி நகர்ந்ததை இரண்டு பேருமே பார்த்தோம்.